மூன்று பிரதிகளில் ஒரு பாட்டு

பால் வாங்கப் போன இடத்தில் ஒரு கசெட்டைப் பார்த்தேன். பாலை மறந்தேன்.

நாட்காட்டியில் மட்டும் வசந்தம் வந்திருந்த ஓர் ஏப்ரல் அது. அதிக காலம் ஆகவில்லை. மொன்றியலின் சென்ட் லோரன்ட் நடைபாதைகளில் பனி உருகி ஓடிவிட, வழுக்காதிருக்கக் குளிர்காலம் முழுக்கக் கொட்டிய சரளை மட்டும் எஞ்சி, சப்பாத்துக்கடியில் நறநறவென்றது. எங்கள் தெரு மூலையில் ஒரு சின்னக் கடை. பால், பாண், பியர், லொத்தர்ச் சீட்டு, அவசரத்துக்கு ஒரு மின்குமிழ். இந்த ஊரில் அதை டெப்பனர் என்பார்கள். கதவைத் தள்ளினால் மணி அடிக்கும். ஈரக் கம்பளியும் கஞ்சி வேகும் ஆவியும் கலந்த வாசனை வந்து முகத்தில் ஒட்டும்.

கடைக்காரர் பெயர் வெய். அறுபதை எட்டிப் பார்க்கிற வயது. சீனாவின் தெற்கே ஏதோ ஒரு நதிமுகத்து நகரத்துக்காரர். அவர் மனைவி லான். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவள் ‘அவள்’தான்.

சிகரெட் பெட்டிகளை மறைக்கும் சாம்பல் கதவுகளுக்கு மேலே அந்தக் கசெட் நின்றது. பெட்டியோடு சேர்த்து, ஓரத்திலிருந்து உள்ளே வரைக்கும் ஒரு வெட்டு. நேர்வெட்டு அல்ல. இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த வெட்டு.

அந்தச் சாய்வை எனக்குத் தெரியும். இடக்கைக்காரி ஒருத்தி அறுக்கும் வாளுக்கு முன்னால் நின்றால் அப்படித்தான் விழும்.

“அது என்னது, மிஸ்யூ வெய்?”

“என்ர பள்ளிக்கூடம், மதாம்.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவரும் நானும் பேசுவது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், மீதி கை. ஆனால் என் தலைக்குள் வந்து உட்காரும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடுகிறது. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நகரத்தில் யார் என்னோடு என்ன மொழியில் பேசினாலும் இதுதான் கதி. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

கசெட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார் வெய்.

“நாங்கள் இளந்தாரியளாய் இருக்கேக்க இப்பிடித்தான் வந்து இறங்கும். கொள்கலன் கொள்கலனாய். எல்லாம் வெட்டின சாமான். கடலுக்கு அங்கால ஆரோ ஒருத்தன் வாளோட நிண்டு வெட்டியிருக்கிறான். வாள்காரன் எண்டு அவனுக்குப் பேர் வைச்சிருந்தனாங்கள். பேருக்கு முன்னால ஒரு தூஷணமும் கிடந்தது. அதைச் சொல்லமாட்டன்.”

“அவன் இல்லை, மிஸ்யூ வெய்,” என்றேன். “அவள்.”

அவருக்கு விளங்கவில்லை. நான் இடது கையை உயர்த்திக் காட்டினேன்.

வாள்

இந்த நாட்டுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அண்ணாவின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, பஸ் மாறிப் பஸ் மாறி, சென்ட் லோரன்டில் ஜன்னலே இல்லாத ஒரு கிட்டங்கிக்குப் போனேன். என் முதல் வேலை அங்கேதான். விற்காமல் திரும்பி வந்த கசெட்டுகளும் சீடித் தட்டுகளும் மலைபோல் கிடந்தன. அவற்றை அடுக்கி, இறுக்கிக் கட்டி, சுழலும் அறுவை வாளுக்குள் தள்ள வேண்டும். அரை அங்குலம் உள்ளே போனதும் இழுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

வெட்டிய பிறகு அது இசை இல்லை. பிளாஸ்ரிக் கழிவு. கிலோக் கணக்கில் யாரோ வாங்குவார்கள். உருக்கி வாளி செய்வார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். புருவத்தில் வெள்ளைத் தூளோடு வீட்டுக்குப் போவேன். தலைக்குக் குளித்தால் தொட்டிக்குள் நிறமற்ற மணல் படியும். எத்தனை பாட்டுகளின் மணலோ.

வாள் கத்தும்போது நானும் சேர்ந்து பாடுவேன். யாருக்கும் கேட்காது. அதுவொரு சுதந்திரம்.

அந்தக் கழிவு வாளியாகவில்லை என்பதை வெய் சொல்லித்தான் அறிந்தேன். அவர் ஊரில் அந்நாளில் வெளிநாட்டுப் பாட்டு ஒன்று கடைக்கு வரவேண்டுமென்றால் யாராவது முதலில் கேட்டுப் பார்த்து, இது நல்லது, இது கெட்டது என்று முத்திரை குத்த வேண்டும். கழிவை யார் கேட்டுப் பார்க்கப் போகிறார்கள்? படிவத்தில் ‘பிளாஸ்ரிக்’ என்று எழுதியிருந்தது. துறைமுகம் வழிவிட்டது. சந்தையில் பெடியள் குவியலுக்குள் தோள்வரை கைவிட்டுத் தேடினார்கள். குட்டித் திருகாணிகளைக் கழற்றி, அறுந்த நாடாவை ஒட்டி, பென்சிலால் சுற்றிக் கேட்டார்கள். சீடி என்றால் வெளி ஓரம் போயிருக்கும். சீடி உள்ளிருந்து வெளியே ஓடுவது; கடைசிப் பாட்டு வெளி ஓரத்தில்தான் இருக்கும்.

“கடைசிப் பாட்டு எண்டு ஒண்டு இருக்கெண்டே எங்களுக்குத் தெரியாது, மதாம். இஞ்ச வந்து முழுத் தட்டு ஒண்டை வாங்கிப் போட்டால், முடியிற இடத்திலை முடியாமல் இன்னும் பாடுறாங்கள். எனக்குப் பயமாய்ப் போச்சு.”

நான் வாள்காரி என்று விளங்கியதும் அவர் கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். என் இடது கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

“கொஞ்சம் ஆழம் குறைச்சு வெட்டியிருக்கலாமே! ரெண்டாம் பக்கத்து முதல் பாட்டு எனக்குப் போய்ட்டுது!”

“மேலாளர் அரை அங்குலம் எண்டு சொன்னவர். அவர் பாக்காத நேரம் நான் கால் அங்குலமும் வெட்டினனான்.”

“அப்ப இது அவர் பாத்துக்கொண்டு நிண்ட நேரம்!”

கண்ணில் நீர் வரச் சிரித்தார். “லான்! இஞ்ச ஓடி வா. வாள்காரியைப் பிடிச்சிட்டன்!”

லான் வந்தாள். கையில் முட்டை அட்டைகள். என்னைப் பார்த்தாள், கசெட்டைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. திரும்பிப் போய் முட்டைகளை அடுக்கினாள்.

வீட்டுக்கு வந்து என் கணவர் யோகனிடம் சொன்னேன்.

“உமக்கு ஏன் பாட்டு வரேல்லை எண்டு இப்ப விளங்குது,” என்றார். “அத்தினை பாட்டை அறுத்த பாவம் லேசில போகுமே? சரி, பால் எங்க?”

மீன்முள்

இந்தத் தொடரைப் படிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருந்தார்: உங்கள் நினைவுகளில் ஏன் கடைகளே வருகின்றன, மலை இல்லையா, ஆறு இல்லையா? இருக்கின்றன ஐயா. மொன்றியலுக்கு நடுவே மலை. சுற்றிவர ஆறு. ஆனால் மலை என்னோடு கதைப்பதில்லை. வெய் கதைப்பார்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு நான் பால் வாங்குவது கூடிவிட்டது. போனால் அரைமணி. வெய் கதை சொல்லுவார், இடையில் யாராவது வந்தால் “பொன்ஜூர்” சொல்லி லொத்தர்ச் சீட்டு விற்பார், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அவர் சின்னப் பையனாக இருந்த காலத்தில் காதல் பாட்டுகளுக்கு அங்கே ‘மஞ்சள் இசை’ என்று பெயராம். ஆபாசம் என்று அர்த்தம். எங்களுக்கு மஞ்சள் என்றால் மங்களம் என்றேன். “உங்கட ஊரிலை நான் பிறந்திருக்க வேணும்,” என்றார். பக்கத்து ஹொங்கொங்கின் தொலைக்காட்சியைப் பிடிக்க வீட்டுக் கூரைகளில் மீன்முள் வடிவில் அண்டெனா முளைக்குமாம். அதிகாரிகள் வந்து பிடுங்குவார்களாம். அதனால் பின்னேரம் ஏற்றி, விடிய இறக்கி, கட்டிலுக்குக் கீழே வைப்பது வீட்டில் மூத்த பிள்ளையின் வேலையாம். வெய் மூத்த பிள்ளை.

கடலுக்கு அந்தப் பக்கத் தீவான தைவானும் ஒரு காலத்தில் குறைவில்லையாம். சோகம் கூடினாலே அங்கே பாட்டுக்குத் தடை. வீட்டில் பேசுகிற மொழியில் தொலைக்காட்சியில் நாளுக்கு ஒன்றிரண்டு பாட்டுத்தான் போடலாம். “கரை ரெண்டும் ஒண்டையொண்டு பாத்துப் பல்லை நெறிச்சுக்கொண்டு நிண்டது,” என்றார் வெய். “காதல் பாட்டை வெட்டுறதிலை மட்டும் ரெண்டும் ஒரு தாய்ப் பிள்ளையள்.”

இப்போது எப்படி என்று கேட்டேன்.

“இப்ப வாளும் இல்லை, சிவப்புப் பேனையும் இல்லை, மதாம். இரவு கேட்ட பாட்டு காலமை ஃபோனிலை சாம்பலாய்க் கிடக்கும். அமத்தினால் பாடாது. ஆர் எடுத்தது, ஏன் எடுத்தது எண்டு கேக்க ஒரு அலுவலக ஜன்னல் இல்லை. எங்கட காலத்திலை ஜன்னலாவது இருந்தது. அதுக்குப் பின்னால ஒரு மூஞ்சை இருந்தது.”

எனக்கு என் கசெட் ஒன்று ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் யுத்த காலம். மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்போம். களைத்த கை சுற்றினால் பாடகிக்கு ஆண்குரல் வரும். என்னிடம் இருந்த சினிமாக் காதல் பாட்டுகள் ஒரு பக்கத்தாருக்குப் பிடிக்காது. தமிழில் எது பாடினாலும் மறுபக்கத்தாருக்குச் சந்தேகம். ஆகவே அட்டையில் ‘சங்கீத வகுப்பு’ என்று எழுதி, முதல் பத்து நிமிடத்துக்கு சரளி வரிசை பதிந்து வைத்திருந்தேன், என் குரலிலேயே. சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அதைப் போட்டுக் கேட்டான். இரண்டு நிமிடம் பொறுத்தான். பிறகு கும்பிட்டுத் திருப்பித் தந்தான்.

என் குரலால் ஒரு நன்மை நடந்த ஒரே சந்தர்ப்பம் அது. யோகனிடம் சொன்னால் அந்தச் சிப்பாய்க்காகத்தான் இரங்குவார்.

ம்... ம்...

வெய்யிடம் ஒரு பாட்டு இருந்தது. அவருடைய சொந்தப் பாட்டு.

இருபத்திரண்டு வயதில் நாலு பேரைச் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தார். ஆற்றைக் கடந்து பொம்மைத் தொழிற்சாலைக்குப் போகும் விடியற்காலைப் படகைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். மண்டபத்தில் பாடுவதற்கு முன் நகரக் கலாசார அலுவலகத்தில் வரிகளைக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். கொடுத்தார். ஒரு துண்டுச் சீட்டு வந்தது: ‘இரண்டாம் சரணம் நீக்கப்படுகிறது. மனநிலை ஆரோக்கியமானது அல்ல.’

நீக்கிவிட்டுப் பாடினார்கள். நீக்கிய இடத்தில் “ம்... ம்...” என்று முனகினார்கள். முனகலுக்கு அனுமதி வேண்டியதில்லை. அந்த முனகல்தான் சனத்துக்குப் பிடித்தது. தொழிற்சாலை விழாக்கள், கல்யாண வீடுகள் எல்லாவற்றிலும் சேர்ந்து முனகினார்கள். வருடங்கள் போயின. கடல் கடந்தார். பாட்டுக் கொப்பி வீடு மாறியபோது தொலைந்தது. ஒரு நாள் இந்தக் கடைக்குள் தனியாக நின்று முழுப் பாட்டையும் பாடுவோம் என்று வாயைத் திறந்தபோது, இரண்டாம் சரணம் இல்லை.

முனகல் மட்டும் இருந்தது.

“என்ர வரியள், மதாம். நான் எழுதினது. ‘கொட்டாவி’ எண்டு ஒரு சொல் இருந்தது, அது மட்டும் தெரியும். குழுவிலை மிஞ்சினவன் ஒருத்தன். அவனுக்கு ஃபோன் எடுத்தனான். அவனும் ம்... ம்... எண்டுறான்!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

அடுத்த வருடம் கடையை விற்றுவிட்டார்கள். வான்கூவரில் மகனோடு போய் இருப்பதாகத் திட்டம். சாவி கைமாறுவதற்கு முன் ஒரு ஞாயிறு பின்னேரம், தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் கடைக்குள்ளேயே ஒரு பிரியாவிடை. அன்றைக்கு அந்தப் பாட்டைப் பாட வேண்டும்.

“அண்டைக்கு முழுசாய்ப் பாட வேணும், மதாம். முனகிக்கொண்டு போகமாட்டன்.”

துண்டுக் காகிதங்களில் எழுதிப் பார்த்தார். லொத்தர்ச் சீட்டின் பின்புறம், பில் சுருள், முட்டை அட்டை. எழுதுவார், வாய்க்குள் பாடுவார், “இது இப்பத்தைய நான். அப்பத்தைய நான் இல்லை,” என்று கசக்குவார். பிரியாவிடைக்கு இன்னும் ஒரு மாதம், மூன்று வாரம், இரண்டு வாரம்.

லான் அந்தக் கசங்கல்களைக் கூட்டி அள்ளினாள்.

எழுத்துத் தட்டு

இரண்டு வாரம் இருக்கையில், பெட்டி கட்ட உதவிக்குப் போனேன். வெய் வெளியே போயிருந்தார். கடைக்குப் பின்னறையில் லானும் நானும் தரையில் உட்கார்ந்து கிண்ணங்களைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தோம்.

“உங்களோட அவருக்குக் கோவம் வரேல்லை, என்ன?” என்றாள் திடீரென்று.

“எதுக்கு?”

“வெட்டினதுக்கு.”

“வந்தால் பால் வாங்க வேற கடை தேடியிருப்பன்.”

அவள் ஒரு கிண்ணத்தைச் சுற்றினாள், பிரித்தாள், திரும்பச் சுற்றினாள். அதற்குப் பிறகு சொன்னது இது.

அந்தக் கலாசார அலுவலகத்தில் லான் தட்டச்சுக்காரி. கணவருக்குத் தெரிந்ததெல்லாம் அதே கட்டடத்தின் மேல்மாடியில், மின்சாரச் சபையில் வேலை பார்த்தாள் என்பதுதான். அவள்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள்.

சீன எழுத்தைத் தட்டச்சு செய்வது எங்கள் தட்டச்சைப்போல விரல் நுனி வேலை அல்ல. ஒரு பெரிய உலோகத் தட்டு. அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஈய எழுத்துகள், தலைகீழாக, கண்ணாடி விம்பம்போல. ஒரு நெம்புகோலைத் தட்டின்மேல் நகர்த்தி, வேண்டிய எழுத்துக்கு நேரே கொண்டுவந்து அழுத்த வேண்டும். அது எழுத்தைத் தூக்கி, தாளில் அடித்து, திரும்ப வைக்கும். பிறகு அடுத்த எழுத்து. எந்த எழுத்து எங்கே என்று கை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

“தட்டிலை அடிக்கடி வாற எழுத்துகள் மட்டும்தான் கிடக்கும். ‘தீர்மானம்’ கிடக்கும். ‘உற்பத்தி’ கிடக்கும். ‘தோழர்’ நடுவிலை, கைக்குக் கிட்ட. கனக்கப் பாவிக்காத எழுத்துகள் தனிப் பெட்டியிலை. சாமணத்தாலை தேடிக் கிள்ளி எடுத்துத் தட்டிலை வைச்சுத்தான் அடிக்க வேணும்.”

நீக்க வேண்டிய வரிகளை மூன்று பிரதிகள் எடுக்க வேண்டும். ஒன்று கோப்புக்கு. ஒன்று மேலிடத்துக்கு. ஒன்று மண்டப முகாமையாளருக்கு. பாடுகிறவர்கள் அந்த வரிகளைப் பாடாமல் பார்த்துக்கொள்ள. பாட்டு எழுதியவனுக்கு மட்டும் பிரதி இல்லை. அவனுக்கு ஒரு துண்டுச் சீட்டு.

ஒரு நாள் அவள் மேசைக்கு நாலு வரி வந்தது. அதைத் தமிழில் என்னால் முடிந்த மட்டும் சொல்கிறேன்:

*விடியற் படகில் நூறு பேர், நூறு கொட்டாவி;*
*ஆற்றுக்கு மட்டும் தூக்கமில்லை.*
*உன் முகம் உரித்த முட்டை;*
*கரை வரும்வரை என்னை எழுப்பாதே.*

“எங்கட தட்டிலை கொட்டாவியும் இல்லை, முட்டையும் இல்லை,” என்றாள் லான். “அந்த அலுவலகத்திலை ஆரும் அதுவரைக்கும் முட்டையைப் பற்றி எழுதேல்லை. சாமணத்தோட இருபத்தைஞ்சு நிமிசம் தேடினனான். தேடத் தேட எனக்கு ஒரே யோசினை. ஆர் இந்தப் பெட்டை? ஆருடைய முகம் இது? அந்தச் சனிக்கிழமை சீட்டு வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனன். இவர் பாடினார். அந்த இடம் வந்தது. இவர் ம்... ம்... எண்டுறார். எனக்குள்ள வரியள் ஓடுது. மண்டபத்திலை அது தெரிஞ்ச ஆள் நான் மட்டும்தான்.”

இல்லை. முகாமையாளருக்கும் தெரியும் என்று திருத்தினேன். அவள் கையை ஓங்கினாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

“இவரைக் கட்டி முப்பது வருசத்துக்கு மேல. ஒவ்வொரு கல்யாண வீட்டிலையும் பக்கத்திலை நிண்டு கேட்டனான். சொன்னால், அடிச்ச கை இது எண்டும் சொல்ல வேணும்.”

“என்னோட சிரிச்சவர்தானே?”

“நீங்கள் முகம் தெரியாத வாள்காரி. நான் பெண்சாதி.”

தெருவில் பஸ் ஒன்று பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்து மூடியது. சொல்லுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. இது என் பாட்டும் அல்ல, என் புருசனும் அல்ல. வாயை மூடிக்கொண்டு கிண்ணங்களைச் சுற்றினேன்.

அந்த இரண்டு வாரமும் நான் பட்ட பாடு! யோகன் கவனித்துவிட்டார். “என்ன, ஏதோ வாய்க்குள்ள வைச்சிருக்கிறீர். விழுங்கும், அல்லாட்டித் துப்பும்.” இரண்டும் முடியவில்லை. பால் வாங்க அவரையே அனுப்பினேன்.

பிரியாவிடை

ஞாயிறு. மூன்று மணி. வெளியே வெயிலும் பனித்தூறலும் ஒன்றாக. அலமாரிகள் பாதி காலி. பதினைந்து பேர் வந்திருந்தோம். எதிர்வீட்டு மதாம் பிரெஞ்சில் ஏதோ சொல்லி அழவும் சிரிக்கவும் செய்தாள். யோகன் வடைத் தட்டோடு வந்து நின்றார்.

லான் ஒரு பாண் தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வந்தாள். “ஃபோன், மெர்சி. ஃபோன், மெர்சி.” அவள் தம்பி இன்னும் சீனாவில் அரச பள்ளிக்கூடத்தில் வாத்தியார். யாராவது படம் பிடித்து எங்காவது போட்டுவிட்டால் அவனுக்கு ஏதும் வரலாம், வராமலும் விடலாம். வருமா வராதா என்று தெரியாததுதான் பயம். எல்லாத் தொலைபேசிகளையும் பால் வைக்கும் குளிர்பெட்டிக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினாள்.

வெய் ஒரு பழைய கிட்டாரோடு பியர்ப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தார். வரி கிடைக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

பாடினார். கன்டனீஸில். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் படகு நகர்வது தெரிந்தது. குரல் கரகரத்தது, அதற்கும் ஓர் அழகு. முதல் சரணம் முடிந்தது. விரல்கள் மெதுவாயின. வாய் மூடியது.

“ம்... ம்...”

லான் கல்லாவுக்குப் பின்னால், எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். பாடவில்லை. அந்த வரிகளை நினைவிலிருந்து வாசித்தாள். அலுவலகத்தில் ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்ப்பதுபோல, ஏற்றம் இறக்கம் எதுவுமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக. மூன்றாம் வரியில் ‘டான்’ என்ற சத்தம் கேட்டது. சைனாடவுன் பேக்கரியில் முட்டைப் பணியாரம் வாங்கி வாங்கி எனக்குத் தெரிந்த ஒரே சொல் அது. என் கை யோகனின் கையைப் பிடித்துக்கொண்டது.

கிட்டார் நின்றது.

அவர்கள் இருவரும் தங்கள் மொழியில் பேசிக்கொண்டதை லான் அடுத்த நாள் எனக்குச் சொன்னாள். அதைத்தான் எழுதுகிறேன்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் அடிச்சனான். மூண்டு பிரதி.”

“மின்சாரச் சபை?”

“பொய்.”

வெய் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வடை தின்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மொழி விளங்காவிட்டாலும் ஒரு வீட்டுக்குள் ஏதோ நடக்கிறது என்பது விளங்கும்தானே.

“இத்தினை வருசமாய் நான் முனகிக்கொண்டு திரியிறன். நீ பக்கத்திலை நிண்டு சோறு போட்டனி.”

“பயமாயிருந்தது.”

“ஆருக்கு?”

“முதல் அவையளுக்கு.” அவள் திரும்பினாள். “பேந்து உங்களுக்கு.”

அவர் பெட்டியிலிருந்து இறங்கினார். கல்லாவரைக்கும் நாலடி. அதை நடக்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது. காதிலிருந்த பேனாவை எடுத்தார். காலியான ஒரு சிப்ஸ் பெட்டியின் அட்டையைக் கிழித்துக் கல்லாமேல் வைத்தார்.

“திருப்பிச் சொல்லு. ஆறுதலாய்.”

அவள் சொன்னாள். அவர் எழுதினார். நாலு வரி. அட்டையைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“உரித்த முட்டை?” என்றார். “நானே எழுதினது? சீச்சீ. முதல் ரெண்டு வரியும் நல்லம். கடைசி வரி பரவாயில்லை. இது என்ன கண்றாவி?”

பேனாவை வைத்து மூன்றாம் வரியின் குறுக்கே ஒரு கோடு இழுக்கத் தொடங்கினார்.

லான் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

இதற்குப் பிறகு அவர்கள் எங்கள் எல்லோருக்கும் பொதுவான அந்தக் கலப்பு மொழிக்கு மாறிவிட்டார்கள். நியாயம் கேட்கச் சாட்சிகள் வேண்டுமே.

“வெட்டாதேங்கோ.”

“என்ர பாட்டு!”

“என்ர முட்டை,” என்றாள் லான். “இருபத்தைஞ்சு நிமிசம் தேடினனான்.”

“இது கூடாத வரி, லான். எனக்கு இருபத்திரண்டு வயசு. ஒண்டும் தெரியாது.”

“தெரியாதவர் எழுதினபடியே இருக்கட்டும். அதுசரி, ஆர் அந்தப் பெட்டை?”

“எந்தப் பெட்டை?”

“முட்டை மூஞ்சி.”

“கடவுளே! எனக்கு ஞாபகமில்லை!”

“எனக்கு ஞாபகம் இருக்கு எல்லாம். நீங்கள் பாடுங்கோ.”

எதிர்வீட்டு மதாம் என்னிடம், என்ன சண்டை என்று பிரெஞ்சில் கேட்டாள். முட்டை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம்.

வெய் திரும்பப் போய்ப் பியர்ப் பெட்டிமேல் ஏறினார். அட்டையை முழங்காலில் சாய்த்து வைத்தார். முதலிலிருந்து தொடங்கினார். படகு நகர்ந்தது. நூறு கொட்டாவி வந்தது; பின்னாலிருந்து யோகன், பொருள் தெரியாமலே, நிஜமாகவே ஒரு கொட்டாவி விட்டார். ஆறு தூங்காமல் ஓடியது. முட்டை வந்தபோது வெய்யின் குரல் தாழ்ந்து, வெட்கப்பட்டு, சட்டைக் கழுத்துக்குள் போய்விட்டது.

லான் விரல் முட்டியால் கல்லாவை இரண்டு முறை தட்டினாள்.

“கேக்கேல்லை.”

அவர் பாட்டை நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் தொண்டையைச் செருமினார். அந்தச் சரணத்தை முதலிலிருந்து எடுத்தார். மூன்றாம் வரிக்கு வந்ததும், கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, கடை ஜன்னல் அதிர, அந்த முட்டையைப் பாடினார்.